ஆப்பிரிக்க மெய்யியலின் கதை – 9: குகைக்குள் ஒரு விசாரணை

பள்ளிப் பருவத்தில் ஒருநாள் அந்தப் பையன் செங்குத்தான பள்ளம் ஒன்றில் விழுந்தான். உயிர் பிழைத்ததே பெரிது. கடவுளின் அற்புதம் என்றுதான் அவனும் நினைத்தான். ஆனால் அதோடு விடவில்லை. நீளமான கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை அளந்தான். 25 பாகத்துக்குச் சற்று மேல். அற்புதத்தை நம்பவும் வேண்டும், அதன் ஆழம் எவ்வளவு என்று தெரியவும் வேண்டும். ஸெரா யாக்கோப் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இந்தக் கயிறு போதும்.

எத்தியோப்பியாவின் பழைய இலக்கிய மொழியான கீஸில் ‘ஹத்தாத்தா’ என்றொரு சிறு நூல் இருக்கிறது. விசாரணை என்று பொருள். மாணவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக யாக்கோப் தன் 68-ஆம் வயதில், 1667-இல், எழுதிய தன்வரலாறு அது என்று நூலே சொல்கிறது. கடவுள் இருக்கிறாரா, இருந்தால் அயோக்கியர்களை ஏன் விட்டுவைக்கிறார், மனிதன் எதற்காகத்தான் வாழ்கிறான் என்ற மூன்று கேள்விகளும் அதில் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. ‘நூலே சொல்கிறது’ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அதன் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. முதலில் கதை, பிறகு வழக்கு.

சென்ற வாரம் யொரூபா மக்களோடு இருந்தோம். பிறப்பதற்கு முன்பே அஜாலா என்ற குயவனிடம் போய் அவரவர் தலையை அவரவரே பார்த்து எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. எஷு என்ற தெய்வம் அங்கே குழப்பம் விளைவிப்பவர்தான், ஆனால் முழுமுதற் கடவுளான ஒலொடுமரேயின் எதிரி அல்ல, அவருடைய தூதர். தீமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பல தலைகளில் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். எத்தியோப்பிய மேட்டு நிலத்தில் அந்த வசதி கிடையாது. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சூம் மன்னன் எஸானா கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டான். ஒரே கடவுள், எல்லாம் வல்லவர், நல்லவர். தீமை நடந்தால் கணக்கு நேராக அவரிடம்தான் போகிறது.

அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய காலத்தில்தான் யாக்கோப் பிறந்தார்.

1599. அக்சூமுக்கு அருகில், ஏழை உழவர் வீடு. படிப்பு நன்றாக வந்ததால் கோயில் பள்ளிக்கு அனுப்பினார்கள். இசைப் பாடத்தில் குரல் ஒத்துழைக்கவில்லை. இலக்கணமும் ‘கினே’ என்கிற செய்யுள் கலையும் பிடித்துப்போயின. கினேயில் ஒரு வரிக்கு மேலே ஒரு பொருள், உள்ளே ஒரு பொருள் இருக்கும். மேலே இருப்பதை மெழுகு என்றும் உள்ளே இருப்பதைப் பொன் என்றும் சொல்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளாமல் உடைத்துப் பார்க்கும் பழக்கத்தை இந்தப் படிப்பே ஒருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு வேத விளக்கத்தில் பல ஆண்டுகள். படித்து முடித்து அக்சூமிலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையே கோவாவைத் தளமாகக் கொண்ட இயேசு சபைக்காரர்கள் எத்தியோப்பியாவுக்குள் வந்திருந்தார்கள். 1603-இல் வந்த பெத்ரோ பாயெஸ் சாமர்த்தியசாலி. நாட்டு மொழிகளைக் கற்று, அரண்மனைக்குள் நண்பராக நுழைந்தார். மன்னன் சுசென்யோஸ் 1622-இல் கத்தோலிக்கத்தைத் தழுவினான். அதே ஆண்டு பாயெஸ் இறந்தார். 1625-இல் வந்து சேர்ந்த அஃபோன்ஸோ மெந்தெஸுக்குப் பொறுமை என்பதே இல்லை. அதுவரை பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி பெற வேண்டும் என்றார். பாதிரியார்களுக்குப் பட்டம் மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் இன்னும் கிறிஸ்தவர்களே ஆகவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? கலகம் நடந்தது. ஊர் ஊராக ரத்தம் சிந்தியது.

அக்சூம் வகுப்பறையில் யாக்கோப் ஒரு ஆபத்தான காரியம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வேத வாக்கியத்துக்கும் பறங்கியரான கத்தோலிக்கர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாட்டின் பழைய திருச்சபையான எகிப்திய மரபினர் அப்படிச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் எடுத்து வைப்பார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். நாம் நல்லவர்களாக இருந்தால் எல்லாமே நல்லதுதான் என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற கதையாயிற்று. பறங்கியர் தரப்பு இவரை எகிப்திய ஆள் என்றது, எகிப்தியத் தரப்பு பறங்கி ஆள் என்றது. வல்தா யோஹன்னஸ் என்ற பாதிரியார் அரசனிடம் போய், மக்களைப் பறங்கியருக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார் என்று போட்டுக் கொடுத்தார்.

தகவல் தெரிந்த இரவே யாக்கோப் புறப்பட்டார். கையில் கொஞ்சம் பொன், விவிலியத்தின் சங்கீதப் புத்தகம் ஒன்று. தெற்கே ஷேவாவுக்குப் போகும் வழியில், தெக்கேஸே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆளரவம் இல்லாத இடத்தில் ஒரு குகை கிடைத்தது. மிருகங்கள் வராமல் இருக்க வாசலில் கல் அடுக்கி மறித்தார். இரண்டு ஆண்டுகள் அங்கேதான். ஆசிரியர்களோடு இருந்து கற்றதைவிடத் தனியாக அந்தக் குகையில் கற்றதுதான் அதிகம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

ஐரோப்பியக் கட்டுரையாளர்கள் பலருக்கு இந்த இடத்தில் உடனே தெக்கார்த் நினைவுக்கு வருவார். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், இருவரும் தனியறைச் சிந்தனையாளர்கள், இருவரும் எல்லாவற்றையும் சந்தேகித்தவர்கள். எனக்கு இந்த ஒப்பீடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கதகதப்பான அறையில் உட்கார்ந்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது என்று கேட்டவர் தெக்கார்த். யாக்கோபின் முதல் கேள்வி அறிவைப் பற்றியதே அல்ல. கடவுளின் பெயரைச் சொல்லியே அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டு சாகிறார்களே, அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? வானத்தில் அறிவு என்று ஒன்று இருந்தால் இந்த அக்கிரமத்தைக் கண்டும் ஏன் வாய் திறக்கவில்லை? இப்படித்தான் அவர் தொடங்குகிறார். தீமைதான் வாசல். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த நிலையில் அவர் தினமும் சங்கீதங்களைச் சொல்லிப் பிரார்த்தனையும் செய்துகொண்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. யாரிடம் பிரார்த்திக்கிறேன், கேட்கும் செவி ஒன்று அங்கே இருக்கிறதா என்ற ஐயம் பிரார்த்தனையின் நடுவிலேயே முளைக்கிறது. பதிலுக்கான நூல் முனையும் சங்கீதத்திலிருந்தே கிடைக்கிறது. செவியைப் படைத்தவனுக்குச் செவி இல்லாமல் போகுமா? அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகிறார். என்னை நானே படைத்துக்கொண்டேனா? படைக்கப்பட்டபோது நான் இல்லையே. பெற்றோர் படைத்தார்கள் என்றால் அவர்களைப் படைத்தவர் யார்? இப்படிப் பின்னோக்கிப் போனால் பெற்றோர் இல்லாத ஒருவரில்தான் நிற்க வேண்டும். எனக்குப் பகுத்தறிவு இருக்கிறது, அதைக் கொடுத்தவனுக்கு அது இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

அரிஸ்டாட்டில் முதல் அக்வினாஸ் வரை பலர் நடந்த பாதைதான் இது. புதுமை அடுத்த அடியில் இருக்கிறது.

கடவுள் உண்டு, அவர் அறிவுள்ளவர், நல்லவர். சரி. அப்படியானால் பொய்யர்கள் மக்களை ஏமாற்றுவதை ஏன் அனுமதிக்கிறார்? மனிதனைத் தன் செயலுக்குத் தானே எசமானாகப் படைத்தார் என்கிறார் யாக்கோப். நல்லவனாவதும் கெட்டவனாவதும் அவனவன் கையில். இதுவும் பழைய பதில்தான். ஆனால் அவர் பொய்யனோடு நிறுத்தவில்லை, ஏமாந்தவனையும் கூண்டில் ஏற்றுகிறார். உண்மையைத் தேடுவது கஷ்டமான வேலை. மனிதனுக்கு அவசரம், சோம்பல். அப்பன் சொன்னதை, ஊர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். சோதிடக்காரனையும் மந்திரக்காரனையும் நம்புகிற அதே சோம்பலோடுதான் மதத்தையும் நம்புகிறான். தன் மதம்தான் சரி என்று பறங்கியும் சொல்கிறான், எகிப்தியனும் சொல்கிறான், முஸ்லிமும் யூதனும் சொல்கிறார்கள். நால்வருமே விசாரிக்கவில்லை. சுசென்யோஸ் நாட்டுப் படுகொலைகளுக்கு சாத்தானைத் தேடிப் போக வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

பகுத்தறிவு என்ற உரைகல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மத விதிகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறார். படைப்பின் ஒழுங்கோடு பொருந்துகிறதா என்பதுதான் சோதனை. துறவறம் திருமணத்தைவிட உயர்ந்தது என்கிறார்கள் கிறிஸ்தவர்கள். அப்படியானால் மனித இனம் தொடரும்படி ஏன் படைக்கப்பட்டது? தள்ளு. மாதவிலக்கான பெண் தீட்டு என்கிறது மோசேயின் சட்டம். கடவுளே வைத்த ஏற்பாடு எப்படித் தீட்டாகும்? தள்ளு. பலதார மணத்துக்கு அவர் சொல்லும் மறுப்பு கணக்குப் பிள்ளையின் மறுப்பு. ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் பிறக்கிறார்கள், ஒருவன் பத்துப் பேரைக் கட்டிக்கொண்டால் ஒன்பது பேர் பெண் இல்லாமல் நிற்பார்கள். கயிறு வைத்து அளந்த பையன் எங்கும் போய்விடவில்லை. மனிதனை மாடு போல விலைக்கு வாங்கலாம் என்பதையும் இதே வரிசையில் வைத்துத் தள்ளுகிறார். எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றால் ஒருவன் இன்னொருவனுக்கு உடைமையாக முடியாது. விரத நாளில் கறி தின்பது பாவம் என்பதையும் விட்டுவைக்கவில்லை.

1632-இல் சுசென்யோஸ் தன் சொந்தக் குடிமக்களையே ஆயிரக்கணக்கில் கொன்று ஒரு கலகத்தை அடக்கினான். வெற்றி அவனை உடைத்தது. பழைய மதத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டு, மகன் ஃபாஸிலிதஸிடம் ஆட்சியை ஒப்படைத்தான். அதே ஆண்டு இறந்தும் போனான். யாக்கோப் குகையை விட்டு வெளியே வந்தார்.

தானா ஏரிப் பக்கம் இன்ஃப்ராஸ் என்ற ஊரில் ஹப்து என்ற பணக்காரர் வீட்டில் வேலை கிடைத்தது. சங்கீத நூல்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அந்த வீட்டுப் பணிப்பெண் ஹிருத்தை மணக்க விரும்பினார். ஹப்து தயாள குணத்தோடு, இனி அவள் எனக்கு வேலைக்காரி அல்ல, உனக்குத்தான் என்றார். வேலைக்காரியாக வேண்டாம், மனைவியாக வேண்டும், திருமணத்தில் கணவனும் மனைவியும் சமம் என்றார் யாக்கோப். ஹிருத்தின் சம்மதத்தையும் கேட்டார். அவள் அழகி அல்ல, ஆனால் நல்ல குணமும் புத்தியும் பொறுமையும் உள்ளவள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஹிருத் இவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதற்கு நூலில் இடமில்லை.

வாழ்வின் பொருள் என்ன என்று அவரைக் கேட்டால் இந்த வீட்டைத்தான் காட்டுவார் என்று நினைக்கிறேன். கடவுள் மனிதனை முழுமையாகச் செய்து அனுப்பவில்லை. முழுமையாக ஆகிக்கொள்ளும் திறனை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். உழைத்துச் சாப்பிடுவது, மணந்து பிள்ளை பெறுவது, அடுத்தவனுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது, அறிவைப் பயன்படுத்துவது, நன்றி சொல்வது. மடத்தையும் அரண்மனையையும் விட்டுவிட்டு, கையெழுத்துக் கூலியில் நடக்கும் குடும்பத்துக்குள் கடவுள் கொடுத்த வேலை முழுவதையும் வைத்தார். ஆனால் கணக்கு இங்கேயே தீர்ந்துவிடும் என்றும் அவர் நம்பவில்லை. கெட்டவன் செழிக்கிறான், நல்லவன் அழுதுகொண்டே சாகிறான், இந்த உலகில் நீதி பாதியில் நிற்கிறது. கடவுள் நீதியுள்ளவர் என்றால் மீதியைத் தீர்க்க மறுமை ஒன்று வேண்டும். இந்த இடம் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எல்லாவற்றையும் உரசிப் பார்த்தவர் இதை மட்டும் ஆசையோடு ஏற்றுக்கொண்டாரோ என்று தோன்றுகிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. பொய்தான் தீமையின் வேர் என்று சொன்னவர், ஊருக்கு முன்னால் கடைசிவரை கிறிஸ்தவராகவே நடித்தார். உண்மையைச் சொன்னால் கேட்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று தானே ஒப்புக்கொள்கிறார். அவருக்குப் பின் அவருடைய மாணவர் வல்தா ஹெய்வத் இன்னொரு ஹத்தாத்தா எழுதினார். அதில் குருவின் கோபம் இல்லை. கதைகளும் குடும்ப வாழ்க்கைக்கான அறிவுரைகளும் இருக்கின்றன. குரு 1692-இல், 93 வயதில் இறந்ததாகக் குறித்து வைத்தவரும் அவரே.

கதை முடிந்தது. இனி வழக்கு.

யாக்கோபைப் பற்றி அவர் காலத்து ஆவணங்களில் பேச்சே இல்லை. 1850-களில் எத்தியோப்பியாவில் இருந்த ஜுஸ்தோ தா உர்பினோ என்ற இத்தாலியக் கப்புச்சின் துறவி, ஓர் அபூர்வ நூல் கிடைத்திருக்கிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் அந்த்வான் தபாதிக்கு எழுதினார். பிரதி எடுத்து அனுப்பவும் செய்தார். இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் இரண்டு சுவடிகளும் அவர் கை வழியாக வந்தவைதான். ஜுஸ்தோ 1856-இல் கார்த்தூமில் இறந்தார். என்னோ லிட்மன் 1904-இல் நூலைப் பதிப்பித்தார். அறிஞர்கள் கொண்டாடினார்கள். 1920-இல் கார்லோ கொந்தி ரோஸ்ஸினி குண்டு போட்டார். நூலை எழுதியது ஜுஸ்தோதான் என்றார். அவருக்கு கீஸ் நன்றாகத் தெரியும், அகராதியே தொகுத்தவர். கடிதங்களில் சமய ஐயங்கள் தெரிகின்றன. துறவுக்கு முந்தைய அவருடைய பெயர் யாக்கோபோ. போதாததற்கு, ஜுஸ்தோவை அறிந்த எத்தியோப்பியக் கத்தோலிக்கர் ஒருவரின் சாட்சியம். 1934-இல் ஜெர்மானிய அறிஞர் அய்கன் மிட்வோக்கும் ஆமோதித்தார்.

கொந்தி ரோஸ்ஸினி யார்? எரித்திரியாவில் இத்தாலிய ஆட்சியின் அதிகாரியாக இருந்தவர். 1935-இல், முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழையவிருந்த நேரத்தில், அந்நாடு நாகரிக முன்னேற்றத்துக்குத் தகுதியற்றது என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை எழுதியவர். அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த கனடாக்காரர் கிளாட் சம்னர், அவருடைய வாதங்களை 1970-களில் வரிவரியாக மறுத்தார். இரண்டு ஹத்தாத்தாக்களின் நடையும் வேறு வேறு, சங்கீதங்கள் ரத்தத்தில் ஊறிய ஒருவரே இதை எழுத முடியும் என்றார். எத்தியோப்பிய அறிஞர் கெத்தாச்சு ஹய்லே முதலில் போலி என்றவர், பிறகு மனம் மாறினார். 2013-இல் பிரெஞ்சு வரலாற்றாளர் அனாயிஸ் வியோன் மறுபடி போலி என்றார். 2023-இல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது, வாதம் ஓயவில்லை.

பாதிரியார் உள்ளூர் வேடத்தில் நூல் எழுதுவது நடக்காத காரியம் அல்ல. மெய்யான இந்திய வேதம் என்று வோல்தேர் நம்பி 1761-இல் இதே பாரிஸ் நூலகத்துக்குக் கொடுத்த ‘எசூர் வேதம்’ இயேசு சபைக்காரர்களின் கைவண்ணம் என்று பின்னால் தெரியவந்தது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், புதுச்சேரியில் சுவடிகளைப் பார்த்த நம் எல்லிஸ் துரை. ஆகவே கொந்தி ரோஸ்ஸினி ஏகாதிபத்தியவாதி என்பதால் மட்டும் அவர் காட்டிய சான்று செல்லாததாகிவிடாது. ஜுஸ்தோவின் கை படாத பழைய சுவடி ஒன்று கிடைக்கும்வரை, ‘ஆப்பிரிக்க மெய்யியலின் தந்தை’ என்ற பட்டத்தை யாக்கோபுக்குச் சூட்டாமல் இருப்பதே நேர்மை.

ஆனால் இந்த வழக்கின் அடியில் வேறொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அரசன் சொன்ன மதத்தை எதிர்த்துத் தன் மனசாட்சியை முன்வைக்க எத்தியோப்பியருக்கு ஓர் ஐரோப்பியர் தேவைப்பட்டார் என்ற நம்பிக்கை. அது பொய். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அப்பா எஸ்திஃபானோஸ் என்ற துறவியும் அவருடைய சீடர்களும், கடவுளைத் தவிர எவர் முன்னாலும் விழ மாட்டோம் என்று அரசன் முன்னிலையில் நின்று சொன்னார்கள். மூக்கும் நாக்கும் அறுபட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அவர்களின் வரலாறுகள் கீஸ் மொழியில் இருக்கின்றன, அவற்றை எழுதியது யார் என்று எவரும் சண்டை போடவில்லை. அவர்களைத் தண்டித்த பேரரசனின் பெயரும் ஸெரா யாக்கோப்தான். ஹத்தாத்தா நாளைக்கே போலி என்று நிரூபணமானாலும் எத்தியோப்பியாவின் கணக்கில் குறைவது ஒரு நூல் மட்டுமே.

அடுத்த வாரம் கானா. 1931-இல் குமாசியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த க்வாசி விரெடு, அக்கன் மக்கள் கடவுளை நம்புகிறார்கள், ஆனால் வழிபடுவதில்லை என்று வாதிட்டுச் சொந்த ஊர்க்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

(தொடரும்)